பழைய பங்க் நிலம் கைக்கு வந்தால்: டீசல் கசிந்த மண்ணை ஆராய்வதும் சுத்தம் செய்வதும்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் மெயின் ரோட்டில் இடம் வைத்திருந்த குடும்பங்களில் சிலர் தாத்தா காலத்திலேயே அதை பெட்ரோல் பங்க்குக்குக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகை முடிந்து நிலம் திரும்பி வரும். வந்ததும் மண்டபம் கட்டுவதா, கடை கட்டுவதா, பங்காளிகளுக்குள் பிரித்துக்கொள்வதா என்று பேச்சு ஓடும். தரைக்குக் கீழே இத்தனை வருஷம் டேங்க் இருந்ததே, அது ஒழுகியிருக்குமா என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். ஜெனரேட்டருக்கும் லாரிக்கும் என்று டீசல் டேங்க் புதைத்து வைத்த புதுவயல் பக்கத்து ரைஸ்மில்காரர்கள், பழைய வீட்டை ஓட்டலாக்கிப் பின்கட்டில் டேங்க் இறக்கியவர்கள், எல்லோருக்கும் இதே நிலைதான். அவர்களுக்காகவும், சிவிலோ சுற்றுச்சூழலோ படித்துவிட்டு இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் ஜேசிபி கடைசியில்தான் வர வேண்டும். நெடி அடிக்கிறது என்றதும் வண்டியைக் கூப்பிட்டுத் தோண்டி, மண்ணை ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் கொட்டிவிட்டு, குழியை மூடி வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் ஒரு இடத்துப் பிரச்சினை இரண்டு இடத்துப் பிரச்சினையாகும், பணமும் போகும், அதிகம் பரவிய பகுதி எது என்று கடைசிவரை தெரியவும் தெரியாது. எங்கே ஒழுகியது, எந்தப் பக்கம் போனது, யாருடைய கேணி வரை போயிருக்கிறது என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் மண்ணில் கை வைக்க வேண்டும்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது

பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட எடை குறைவு. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் பெட்ரோலின் அடர்த்தி 0.72 முதல் 0.775 வரை, டீசல் 0.81 முதல் 0.845 வரை. ஒழுகும் எண்ணெய் மண் துளைகள் வழியே நேராகக் கீழே இறங்கும், இறங்கும்போதே கொஞ்சம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன் மேல் மிதந்து பக்கவாட்டில் பரவும். பெட்ரோலில் பென்சீன், டொலுவீன், எத்தில் பென்சீன், சைலீன் என்று நான்கு பொருள்கள் உண்டு, ஆய்வகத்தில் இவற்றைச் சேர்த்து பிடெக்ஸ் என்பார்கள். இவை தண்ணீரில் கரைந்து நிலத்தடி நீரோடு சேர்ந்து நகரும். டீசல் அவ்வளவு கரையாது, இருக்கிற இடத்திலேயே நெடுங்காலம் கிடக்கும். பெட்ரோல் ஒழுகினால் பக்கத்து வீட்டுத் தண்ணீருக்குப் பயம், டீசல் ஒழுகினால் உங்கள் மண்ணுக்கே நீண்ட நாள் சங்கடம்.

நம்ம ஊர் மண்ணுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மேலே செம்மண், அதற்கடியில் கடப்பாரைக்கு மசியாத செம்புறாங்கல், அதன் கீழே பல இடங்களில் களியும் மணற்பாறையும் மாறி மாறி வரும். டேங்க் புதைக்க இந்தச் செம்புறாங்கல்லில் குழி வெட்டி, டேங்கை இறக்கி, சுற்றிலும் ஆற்று மணல் போட்டு மூடியிருப்பார்கள். சுற்றியுள்ள பாறை சட்டென்று தண்ணீர் குடிக்காது, குழிக்குள் இருக்கும் மணல் குடிக்கும். ஐப்பசி மழையில் அந்தக் குழி தண்ணீர் நிறைந்த தொட்டியாகிவிடும். ஒழுகின எண்ணெய் அந்தத் தண்ணீருக்கு மேலே மிதந்து, விளிம்புக்கு வந்து, குழாய் போட்ட பள்ளம் வழியாகவே வெளியே ஓடும். அதனால் டேங்க் குழியைச் சுற்றி மட்டும் பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று முடிவுக்கு வராதீர்கள், வண்டிக்கு எண்ணெய் நிரப்பும் டிஸ்பென்சருக்குப் போகும் குழாய்ப் பள்ளத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, மழை. இங்கே மழை புரட்டாசிக் கடைசியில் தொடங்கி மார்கழி வரை. அப்போது நீர்மட்டம் ஏறும், சித்திரை வைகாசியில் இறங்கும். மிதக்கும் எண்ணெய்யும் கூடவே ஏறி இறங்கி, அந்த உயரம் முழுவதும் மண்ணில் பூசிவிடும். கோடையில் மேல்மண்ணில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு எல்லாம் நல்லபடி என்று சொல்கிற அறிக்கைகளை நம்பாதீர்கள்.

கணக்கு நோட்டு

பங்க் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதல் சாட்சி மண் இல்லை, டேங்கின் இருப்பைத் தினமும் அளந்து எழுதி வைக்கும் டிப் நோட்டுதான். காலையில் டிப் ராட் என்ற அளவுகோல் கம்பியில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் வாட்டர் பேஸ்ட் தடவி, லோடு இறக்கும் ஃபில் பைப் வழியே மெதுவாக அடிவரை இறக்கி, சில விநாடி வைத்திருந்து எடுப்பார்கள். பேஸ்ட் நிறம் மாறியிருக்கும் உயரம் தண்ணீரின் உயரம், எண்ணெய் நனைத்த கோடு மொத்த உயரம். எந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் டேங்க் சார்ட்டைப் பார்த்து லிட்டராக்கினால் இருப்பு தெரியும். நேற்றைய இருப்போடு வந்த லோடைக் கூட்டி, மீட்டர் காட்டும் விற்பனையைக் கழித்தால் இன்று இருக்க வேண்டிய இருப்பு வரும். டிப்பில் வருவதும் இதுவும் ஒரு நாளும் சரியாக ஒத்துப்போகாது. ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், அது சகஜம். ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே போனால்தான் கவனிக்க வேண்டும். மாதக்கணக்கில் நோட்டைப் புரட்டிக் கூட்டிப் பாருங்கள், அந்தந்த நாளில் ஒன்றும் தெரியாது.

வெப்பத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் வந்த லாரி 10,000 லிட்டர் பெட்ரோல் இறக்கி, அது டேங்க்குக்குள் 5 டிகிரி குளிர்ந்தால் 50, 60 லிட்டர் சுருங்கிவிடும், டீசலில் 40 லிட்டர் அளவுக்கு. இதைப் பார்த்துவிட்டுத் திருட்டு என்று பையனைத் திட்டுவதும் நடக்கிறது, கசிவு என்று பதறுவதும் நடக்கிறது.

டேங்கில் தண்ணீர் மட்டம் ஏறினாலும் அது கசிவுக்கான அறிகுறிதான். மழைக்குப் பிறகு வெளியே நீர்மட்டம் டேங்க் அடியைவிட மேலே நின்றால் ஓட்டை வழியே எண்ணெய் வெளியே போவதற்குப் பதில் தண்ணீர் உள்ளே வரும். கணக்கில் கையிருப்பு கூடினதுபோலத் தெரியும், சந்தோஷப்பட வேண்டாம். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால் இன்னொரு சிக்கல்: கொஞ்சம் தண்ணீரை எத்தனால் தன்னோடு கலந்துகொள்ளும், பழைய பேஸ்ட் அதைக் காட்டாமல் போகலாம். எத்தனால் கலவைக்கென்று தனிப் பேஸ்ட் உண்டு, அதை வாங்குங்கள்.

ஒழுகுவது டேங்க்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடைமுறையில் குழாய் இணைப்பு, டிஸ்பென்சர் அடி, லோடு இறக்கும்போது ஃபில் பைப்பில் வழிவது, இவைதான் அதிகம். டேங்க்குக்குள்ளேயே பம்ப் இருந்து எண்ணெய்யைத் தள்ளும் முறையில் குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும் அழுத்தத்தில் பீய்ச்சிக்கொண்டு வெளியே போகும். டிஸ்பென்சர் உறிஞ்சும் பழைய முறையில் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் காற்றுதான் உள்ளே போகும், பம்ப் திணறும், அதனால் சீக்கிரம் தெரிந்துவிடும். பழைய இரும்பு டேங்க் என்றால் துரு நிச்சயம். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்று ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்குகிறது. அதைத் தினமும் தாண்டிப் போகிற ஊரில் பாதுகாப்பு நேர்முனை (இரும்புக்குப் பதில் தான் அரிபட்டு அதைக் காக்கும் உலோகத் துண்டு) எதுவும் இல்லாமல் இரும்பு டேங்கைப் புதைக்கிறோம், என்ன சொல்வது.

யாரிடம் சொல்ல வேண்டும்

கசிவு என்று நியாயமான சந்தேகம் வந்ததும் அந்த டேங்கிலிருந்து விற்பதை நிறுத்துங்கள், மிச்ச எண்ணெய்யை வேறு டேங்க்குக்கோ லாரிக்கோ மாற்றுங்கள். எண்ணெய் நிறுவனத்தின் விற்பனை அதிகாரிக்கும், உரிமம் கொடுத்த பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்கும், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். போனில் சொன்னேன் என்பது பின்னால் எதற்கும் உதவாது.

ரைஸ்மில், ஓட்டல்காரர்களுக்கு: டீசலை மொத்தம் 2,500 லிட்டருக்கு மேல் போகாமலும், ஒரு கலனில் 1,000 லிட்டருக்கு மேல் இல்லாமலும் வைத்தால் 1934ஆம் வருஷப் பெட்ரோலியம் சட்டப்படி உரிமம் தேவையில்லை. ஆனால் 5,000 லிட்டர் டேங்கை உரிமம் இல்லாமல் புதைத்துவிட்டு அதில் 2,000 தான் ஊற்றுகிறோம் என்று சொன்னால் எடுபடாது. உரிமம் தேவையில்லை என்பதால் ஒழுகினால் பொறுப்பு இல்லை என்றும் ஆகாது.

2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்று மத்திய அரசு தனி விதிகளையே கொண்டுவந்துவிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட்டுத் தர வேண்டும், வாரியம் 90 நாளுக்குள் முதல்கட்ட ஆய்வும் அதற்குப் பின் இன்னொரு 90 நாளுக்குள் விரிவான ஆய்வும் செய்ய வேண்டும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். நிலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. குத்தகை முடிந்து நிலத்தை ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே மண், தண்ணீர் சோதனை அறிக்கை கேளுங்கள். வாங்கிக்கொண்ட பிறகு கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைத்தான் கேள்வி கேட்பார்.

தெருவைச் சுற்றி வாருங்கள்

கருவி எதுவும் வேண்டாம், ஒரு நோட்டும் மனையின் வரைபடமும் போதும். டேங்க் எங்கே, குழாய் எப்படிப் போகிறது, டேங்க் ஆவி வெளியேறும் வென்ட் பைப் எங்கே நிற்கிறது, பழைய டேங்க் ஏதாவது கைவிடப்பட்டதா என்று பழைய ஊழியர்களைக் கேளுங்கள். நாற்பது வருஷமாக அங்கே வேலை பார்த்த பம்ப் ஆளுக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இருக்காது. 2000ஆம் வருஷத்துக்கு முன் ஓடின பங்க் என்றால் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது வரை ஈயம் கலந்த பெட்ரோல் விற்றார்கள், அந்த மண்ணில் ஈயத்தையும் சோதிக்க வேண்டும்.

அப்புறம் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு கேணி, போர், ஊரணி, வரத்துக்கால், சாக்கடை, செப்டிக் டேங்க் எல்லாவற்றையும் வரைபடத்தில் போடுங்கள். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும், பின்கட்டுக் கேணி நீங்கள் நினைப்பதைவிடப் பங்க்குக்குப் பக்கத்தில் இருக்கும். வீட்டில் இருக்கும் ஆச்சியிடம் உட்கார்ந்து பேசுங்கள். "கோடையில ஒண்ணும் தெரியலப்பா, மழை விட்டதும் மேல்தண்ணியில சீமெண்ணெய் வாடை வருது" என்று அவர் சொல்கிற ஒரு வரி நீர்மட்டம் ஏறும்போது எண்ணெய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

தண்ணீரில் வானவில் படலம் மிதந்தாலே எண்ணெய் என்று முடிவு கட்டாதீர்கள். செம்புறாங்கல் பூமியில் இரும்புச் சத்து அதிகம், அதைத் தின்னும் பாக்டீரியாவும் அச்சு அசலாக அதே படலத்தை உண்டாக்கும். ஒரு குச்சியை எடுத்துப் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். பாக்டீரியாப் படலம் கண்ணாடிச் சில்லு போல உடைந்து, துண்டு துண்டாக அப்படியே நிற்கும். எண்ணெய்ப் படலம் விலகிவிட்டு மறுபடி ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். காசு செலவில்லாத சோதனை, பல பஞ்சாயத்துகளை இதுவே தீர்த்து வைத்திருக்கிறது.

பாதிக்கப்பட்ட கேணி என்று தெரிந்தால் உடனே குடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்பார்கள், சரியாகாது. கொதிக்கும்போது பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும். வீட்டு ஆர்ஓ மெஷினையும் நம்ப முடியாது. வாடை வரவில்லையே என்பதும் ஆறுதல் இல்லை: உலக சுகாதார நிறுவனம் பென்சீனுக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், மூக்குக்குத் தெரிய அதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

துளையிடுவதும் மாதிரி எடுப்பதும்

"ஒரு போர் போட்டுப் பார்த்துருவோம்ணே" என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள். இந்த வேலையிலேயே ஆபத்தான யோசனை இதுதான். மேலே கெட்டுப்போன நீர் நிற்கிறது, கீழே மணற்பாறையில் ஊரே குடிக்கும் நல்ல நீர் இருக்கிறது, நடுவில் இருக்கும் களியைத் துளைத்து நீங்களே வழி போட்டுக் கொடுக்கிறீர்கள். அதோடு போர் லாரி காற்றழுத்தத்தால் சுத்தியலை அடித்து மண்ணை ஊதி மேலே தள்ளும், நீங்கள் தேடுகிற ஆவியெல்லாம் அந்தக் காற்றோடு போய்விடும், ஆய்வகத்தில் எதுவும் இல்லை என்று வரும்.

ஆழம் குறைவாக இருந்தால் கையால் திருகி மண்ணைத் துளைத்தெடுக்கும் கை ஆகர் போதும், செம்புறாங்கல் வந்தால் கடப்பாரையோ தண்ணீர் ஊற்றாமல் சுற்றும் சின்ன ரிக்கோ தேவைப்படும். எங்கே துளைப்பது? டேங்கின் இரண்டு முனைகள், ஃபில் பைப் அடி, ஒவ்வொரு டிஸ்பென்சரின் அடி, குழாய்ப் பள்ளத்தில் ஆறேழு மீட்டருக்கு ஒன்று, அப்புறம் எந்தச் சம்பந்தமும் இல்லாத மேட்டுப் பக்கத்தில் ஒப்பிட ஒன்று. துளைப்பதற்கு முன் கரண்ட் கேபிளும் குழாயும் எங்கே போகின்றன என்று உறுதி செய்யாமல் ஆகரைத் தொடாதீர்கள்.

வந்த மண்ணை ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஜிப் கவரில் பாதி போட்டு, கட்டிகளை நசுக்கி, நிழலில் பத்து நிமிஷம் வைத்து, கவரில் சின்ன ஓட்டை போட்டு மண்ணிலிருந்து வரும் எண்ணெய் ஆவியை அளக்கும் பிஐடி மீட்டரின் முனையை நுழைத்துப் பாருங்கள். மீட்டர் காட்டும் எண் ஆய்வக முடிவு இல்லை, எந்த ஆழத்தில் மண் எடுத்து அனுப்பலாம் என்று காட்டும் கை மட்டும்தான். டீசலுக்கு இது மந்தமாகவே காட்டும், அங்கே கண்ணையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும். ஆனால் மண்ணை மூக்கருகே வைத்து மோந்து பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் மண்ணைத் தட்டில் கொட்டிக் கலந்து எடுக்கும் பழக்கம் விவசாய மண் பரிசோதனையிலிருந்து வந்தது. இங்கே அது தப்பு, கலக்கும்போதே பெட்ரோல் பறந்துவிடும். முனை வெட்டிய பிளாஸ்டிக் சிரிஞ்சை மண்ணில் குத்தி 5 கிராம் எடுத்து, ஆய்வகம் முன்பே எடை போட்டு மெத்தனால் ஊற்றிக் கொடுத்த குப்பியில் உடனே தள்ளி மூடுங்கள். குப்பியின் வாயில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் மூடி இறுகாது, துடைத்துவிட்டு மூடுங்கள். தண்ணீருக்கு 40 மில்லி குப்பி, குமிழி இல்லாமல் ததும்ப நிரப்ப வேண்டும். மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு 4 டிகிரி பக்கத்தில் வைத்து, மண்ணுக்கு 14 நாளுக்குள், அமிலம் சேர்க்காத தண்ணீருக்கு 7 நாளுக்குள் சோதனை முடியும்படி அனுப்புங்கள். பல்லவனில் மடியில் வைத்துக்கொண்டு சென்னை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், மெத்தனால் எரியும் பொருள், ரயிலில் எடுத்துப்போகக் கூடாது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் ஆளே வந்து எடுத்துப்போனால் இன்னும் நல்லது. மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பிடெக்ஸ், நாப்தலீன், தேவைப்பட்டால் ஈயம் என்று எழுதிக் கேளுங்கள். வெறுமனே "ஆயில் அண்ட் கிரீஸ்" என்று கேட்டால் பெட்ரோல் பகுதி அந்தச் சோதனையிலேயே ஆவியாகிப் போகும்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது

இதற்குக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும், ஒரே வரிசையில் இல்லாமல் முக்கோணமாக. வரிவரியாகத் துளை வெட்டிய பிவிசி குழாயை, துளைப்பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் வருமாறு இறக்க வேண்டும். துளை முழுவதும் நீருக்கு அடியில் போய்விட்டால் மிதக்கும் எண்ணெய் உள்ளே வராது, அதனால்தான் வீட்டு போரில் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. மேலே பென்டோனைட் களிமண் வைத்து அடைத்து, பூட்டு போட்ட மூடி போடுங்கள்.

மூன்று குழாய் வாயின் உயரத்தையும் ஒரே அடிப்படையில் அளக்க வேண்டும். ஆட்டோ லெவல் இருந்தால் சரி, இல்லையென்றால் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே ஒரு மனைக்குள் போதுமான துல்லியம் தரும். ஒவ்வொன்றிலும் வாயிலிருந்து தண்ணீர் வரை ஆழம் அளந்து கழித்தால் நீர்மட்ட உயரம் கிடைக்கும், மூன்றையும் தாளில் போட்டால் எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரியும். தரை சரியும் பக்கமே நிலத்தடி நீரும் ஓடும் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் யாராவது நாள் முழுக்க மோட்டார் ஓட்டினால் ஓட்டமே அவர்கள் பக்கம் திரும்பிவிடும். மோட்டார் ஓடும்போது ஒருமுறை, நிறுத்தி ஒரு நாள் கழித்து ஒருமுறை அளந்து பாருங்கள். ஆடியில் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை அளந்தால் மழைக்கு முன்னும் பின்னும் கணக்கு கிடைத்துவிடும்.

கிணற்றில் எண்ணெய் மிதந்தால் கயிற்றில் கட்டி நீர் மொள்ளும் தெளிவான பிளாஸ்டிக் குழாயான பெய்லரை மெதுவாக இறக்கி எடுத்துத் தடிமனைப் பாருங்கள். குழாய்க்குள் தெரியும் தடிமன் மண்ணில் இருப்பதைவிடக் கூடவே காட்டும், அதை வைத்து இத்தனை ஆயிரம் லிட்டர் என்று பெருக்கிச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

அறிக்கை வந்ததும் எதோடு ஒப்பிடுவது? குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500இல் மினரல் ஆயிலுக்கு, அதாவது பெட்ரோலிய எண்ணெய்க்கு, எல்லை லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். மண்ணுக்கு ஒரு மேற்கோளாக நெதர்லாந்தின் மதிப்பைப் பலரும் பார்ப்பார்கள், அங்கே மினரல் ஆயில் கிலோவுக்கு 5,000 மில்லிகிராம் தாண்டினால் தலையிட வேண்டும். உங்கள் இடத்துக்கு என்ன இலக்கு என்பதை வாரியத்தோடு பேசி எழுத்தில் வாங்கிக்கொண்டு சுத்தம் செய்யத் தொடங்குங்கள். இலக்கு இல்லாமல் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

இப்போது ஜேசிபி

முதலில் டேங்க். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தால் வெடிக்கும், காற்றைவிடக் கனம், பள்ளத்திலேயே தங்கும். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. கார்பன் டை ஆக்சைடோ நைட்ரஜனோ செலுத்தி, ஆவியின் அளவை மானியில் அளந்து, அனுபவமுள்ள ஆட்களை வைத்து மட்டும் எடுக்க வேண்டும். பழைய இரும்புக்காரர் கேஸ் கட்டரோடு வந்து நின்றால் உள்ளே விடாதீர்கள். டேங்க்குள்ளோ ஆழக் குழிக்குள்ளோ மூச்சுக்கருவியும் மேலே கயிறு பிடிக்க ஆளும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து சாவது வருஷா வருஷம் நடக்கிறது.

டேங்க் வெளியே வந்ததும் அடியைப் பாருங்கள், ஓட்டை எங்கே என்று படம் எடுங்கள், குழியின் அடியிலும் பக்கங்களிலும் மாதிரி எடுங்கள். கெட்ட மண்ணைத் தனியாகவும் நல்ல மண்ணைத் தனியாகவும் குவியுங்கள். டேங்க் அடிச் சகதி அபாயக் கழிவுப் பட்டியலில் வருகிறது. அதையும் மிகவும் கெட்டுப்போன மண்ணையும் 2016ஆம் வருஷ அபாயக் கழிவு விதிப்படி படிவம் 10 போட்டு, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். லாரி வாடகை வலிக்கும். அதனால்தான் டீசல் மண்ணை அனுமதியோடு இடத்திலேயே நுண்ணுயிர்களை விட்டுத் தின்ன வைப்பது நல்ல வழி, நம்ம ஊர் வெயிலும் அதற்குத் தோது.

தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, சுற்றிலும் வரப்பு கட்டி, மண்ணை ஒரு மீட்டர் உயரத்துக்கு மிகாமல் குவியுங்கள். இறுகிப்போகாமல் காற்றோட்டம் இருக்க ரைஸ்மில் உமி கலக்கலாம். நுண்ணுயிருக்குக் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் ஏறக்குறைய 100, 10, 1 என்ற விகிதத்தில் வேண்டும். 20 டன் மண்ணில் கிலோவுக்கு 5,000 மில்லிகிராம் டீசல் இருந்தால் மொத்தம் 100 கிலோ டீசல், அதில் கார்பன் 85 கிலோ பக்கம். அதற்கு நைட்ரஜன் 8.5 கிலோ, பாஸ்பரஸ் 0.85 கிலோ. உரக்கடைக் கணக்கில் டிஏபி 4 கிலோ சொச்சம், யூரியா 17 கிலோ. ஒரே நாளில் கொட்டினால் உப்பு ஏறி நுண்ணுயிர் சாகும், மூன்று நான்கு தவணையாகத் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். செம்மண் பாஸ்பரஸைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் டிஏபி கொஞ்சம் கூடினால் தப்பில்லை. மண் புளித்த குணமாக இருந்தால் சுண்ணாம்பு தூவி பிஹெச் 6க்கும் 8க்கும் நடுவே கொண்டுவாருங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது, அதுதான் ஈரப் பதம். வாரம் பத்து நாளைக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள், மாதம் ஒருமுறை சோதனைக்கு அனுப்புங்கள். டெரி நிறுவனம் உருவாக்கிய ஆயில்ஜாப்பர் போன்ற நுண்ணுயிர்க் கலவைகளும் உண்டு, ஆனால் பழைய கசிவு மண்ணில் வேலைக்காரர்கள் ஏற்கெனவே இருப்பார்கள், அவர்களுக்குக் காற்றும் சாப்பாடும்தான் குறை. வேலையைத் தை மாசியில் தொடங்குங்கள். ஐப்பசியில் தொடங்கினால் மழையில் குவியலிலிருந்து வழிவதைப் பிடிப்பதே பெரிய வேலையாகிவிடும்.

பெட்ரோல் மண்ணைத் திறந்த வெளியில் புரட்டக் கூடாது, அது மாசை மண்ணிலிருந்து தெருக்காரர் மூச்சுக்கு மாற்றுவது. அங்கே மணல் அடுக்கு இருந்தால் துளைக்குழாய் வைத்து ஆவியை உறிஞ்சி, கரித்தூள் வடிகட்டி வழியே விடும் முறை நன்றாக வேலை செய்யும். களியில் அது திணறும்.

தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்யை ஸ்கிம்மர் வைத்து மேலாக வழித்து எடுங்கள். பெரிய மோட்டார் போட்டு இறைத்தால் நீர்மட்டம் இறங்கி எண்ணெய்யும் கீழ் மண்ணில் பூசிக்கொள்ளும். கரைந்த பகுதிக்கு, மூலத்தை அகற்றிய பிறகு, பல இடங்களில் இயற்கையே பாதி வேலையைச் செய்யும். காற்று தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் இரும்பைப் பயன்படுத்தித் தின்னும், அப்போது கிணற்று நீரில் இரும்பு கூடும், வெளியே எடுத்து வைத்தால் சிவக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சரியான திசையில் போகிறது என்று அர்த்தம். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். நுண்ணுயிர் முதலில் எத்தனாலைத்தான் தின்னும், அதுவரை பென்சீன் தூரமாகப் போய்க்கொண்டிருக்கும், கண்காணிப்புக் கிணற்றைத் தள்ளிப் போட வேண்டியிருக்கும்.

முடிக்கும்போது

ஒரு நல்ல அறிக்கை வந்ததும் கடையை மூடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று குறைந்தது ஒரு வருஷம், அதில் ஒரு முழு மழைக்காலம் வர வேண்டும், தண்ணீர் இலக்குக்குக் கீழே நிற்க வேண்டும். குழியைக் கட்டட இடிபாட்டால் நிரப்பாமல் சுத்தமான சரளை மண்ணை ஒரு சாண் ஒரு சாணாகப் போட்டு, தண்ணீர் விட்டு இறுக்கி நிரப்புங்கள், மேலே மண்டபம் வரப்போகிறதென்றால் இதில் கஞ்சத்தனம் கூடாது. எல்லா அறிக்கை, படிவம், படங்களையும் பத்திரத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். கண்காணிப்புக் கிணறுகளை, வாரியத்தின் கடிதம் கைக்கு வந்த பிறகு, அடியிலிருந்து மேல்வரை சிமெண்டும் பென்டோனைட்டும் கலந்த கலவையால் அடைத்துவிடுங்கள். வாயில் மட்டும் மூடி போட்டு விட்டுவிட்டால் அடுத்த தடவை தெருவில் கொட்டுகிற எதுவும் நேராக நிலத்தடி நீருக்குப் போக அதுவே வழியாகும்.